கட்டி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்

என் மகள் வெளிநாட்டில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். பெண்களுக்கு மார்பில் வரும் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற வேலை. எழுதும்போது எழுதிவிட்டேன், வாயால் சொல்ல இன்றைக்கும் கூச்சம்தான். எங்கள் மலையிலும் அந்த நோயால் போனவர்கள் உண்டு, வெளியே சொல்லக் கூசியே போனவர்கள். யாராவது கேட்டால் "எலி ஆராய்ச்சிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒருமுறை மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் மிளகு விற்கப் போன கடையில் என் மனைவியின் தம்பி பத்துப் பேருக்கு நடுவில் கேட்டான்.

"ஏனுங் மாமா, டாக்டர் பட்டம் வாங்குன புள்ளைய எலி புடிக்கவா அத்தன தூரம் அனுப்புனீங்க? நம்ம கெழங்குக் காட்டுல இல்லாத எலியா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அவள் போய் இரண்டு வருசம் முடிந்திருந்தது. பட்டம் வாங்கினால் படிப்பு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதற்கு மேலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தைப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். என் மனைவி ஐப்பசியிலேயே அவளுக்கென்று சாமை குத்தி வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மிளகுக் காட்டு மேட்டில் ஒரு பாறைமேல் நின்றால் கிடைக்கும். ஞாயிறு காலை அங்கே போய் நிற்பேன். அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம். கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவள் குரல் இறங்கியிருந்தது.

"அப்பா, பொங்கலுக்கு வர முடியாதுங்க."

"ஏஞ்சாமி?"

"எலிங்களுக்குக் கட்டி வரலீங்கப்பா."

"நல்லதுதான கண்ணு!" என்றேன் நான்.

"இல்லீங்கப்பா, வந்தாத்தான் வேல," என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை எலியின் உடம்பில் வைப்பார்களாம். மிளகுக் கொடியை நட்டால் வேர் பிடிப்பதுபோல் அது பிடித்துக் கட்டியாக வளர வேண்டும். அதன் பிறகு பாதி எலிகளுக்கு மருந்து கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல், வாரா வாரம் கட்டியை அளந்து பார்க்க வேண்டும். இந்தத் தடவை அது பிடிக்கவேயில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குற்றம் என்னுடையதோ என்று பட்டது. ஏனென்றால் அவள் அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து வெள்ளி தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போட்டு, என் மகள் பார்த்துக்கொள்ளும் அந்த வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது தாயே என்றுதான் வேண்டிவந்தேன். அதை அவளிடம் சொன்னேன்.

"அட சாமி! நீங்கதான் கெடுத்ததா?" என்று சிரித்தாள். "இந்த வாரம் மாத்தி வேண்டுங்கப்பா. கட்டி வரட்டும்னு. சீக்கிரம் வந்தாத்தான் நான் சீக்கிரம் வருவேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு விளையாட்டாக இல்லை. ஓர் உயிருக்கு நோய் வரட்டும் என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் என் மகளை நான் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போகும் வரை கோயிலில் நின்றேன். பிறகு கேட்டேன். கட்டி வரட்டும் என்றே கேட்டேன்.

தை பிறந்து இரண்டாம் வாரம், "புடிச்சுக்கிச்சுங்கப்பா!" என்று கத்தினாள். வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாமை அரிசியைத் திரும்ப ஒருதரம் புடைக்க உட்கார்ந்தாள்.

மருந்து ஆரம்பித்த பிறகுதான் அதைக் கேட்டேன். "வேல முடிஞ்சதும் எலிங்கள என்ன பண்ணுவீங்க கண்ணு?"

"கட்டிய எடுத்துப் பாக்கோணுமுங்கப்பா." என்றாள். "அதுக்கு முன்ன அதுங்க உசுர... வலிக்காமத்தான்."

நான் கிடாய் வெட்டாதவன் இல்லை. ஆனால் எங்கள் கோயிலில் தண்ணீர் தெளித்து, கிடாய் உடம்பைச் சிலிர்த்தால்தான் அம்மன் உத்தரவு, சிலிர்க்காவிட்டால் காத்திருப்போம். அங்கே யார் உத்தரவு கொடுப்பது என்று கேட்டேன்.

"இங்கயும் வாங்கோணுமுங்கப்பா. எதுக்கு, எத்தன, வலியில்லாம எப்பிடின்னு எழுதிக் கொடுத்து, இதுக்குன்னு இருக்கற குழு ஒத்துக்கிட்டாத்தான் தொடலாம். ஒண்ணு கூடுதலா கேட்டாலும் ஏன்னு கேப்பாங்க." பிறகு மெல்லச் சொன்னாள்: "மருந்து குடுத்த எலிங்களுக்குக் கட்டி வளரறது நின்னிருக்குதுங்கப்பா. எல்லாத்துக்குமில்ல. சிலதுக்கு."

யாரோ ஒரு தாய்க்கு என்றாவது அது உதவும் என்று நம்புகிறேன். அம்மன் கணக்கு எனக்கு எட்டாது. ஆனால் அன்றிலிருந்து நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணினால், அவள் கிளம்பும் நாளுக்கு முன்னால் எலிகளின் கடைசி நாள் வந்து நிற்கிறது.

போன ஞாயிறு அவளே கேட்டாள்.

"ஏனுங்கப்பா, இப்பெல்லாம் எப்ப வர்றேன்னு கேக்கறதே இல்ல?"

"வேல முடியட்டும் கண்ணு."

"என்னப் பாக்கோணும்னு இல்லீங்களா?"

"இருக்குது சாமி," என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அவள் பக்கத்தில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் பாறைமேல் நின்றேன்.