விழுந்தால் பார்க்க ஓர் ஆள்

மீட்டர்கேஜ் வண்டி ஓடிய நாட்களில், இதயத்துக்காகத் தினமும் என்னை நடக்கச் சொன்னார் டாக்டர். நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் வரை நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து பால்கோவா தின்பேன். மாரடைப்பில் பிழைத்த மெலிந்த பெரியவர் ஒருவர் பிளாட்பாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். என்னைக் கடக்கும்போதெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார். அதில் ராஜபாளையத்தில் இருக்கும் அவர் மகளின் விலாசம் இருந்தது.

"கண்மாய்க்கரையில நல்ல காத்து வருமே அண்ணாச்சி, அங்க நடக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கன விழுந்தா யாரு பாக்கா? வீட்லயும் ஆளில்ல. இங்கன நீங்க இருக்கீயள்லா."

சோம்பலில் இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா நடக்கல. வந்துட்டீயள்லா, இனி நடக்கேன்" என்று எழுந்தார்.

அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்தது. அவர் விழுந்தால் பார்க்க ஆளாக இருந்ததுதான், உட்கார்ந்தபடியே நான் செய்த ஒரே உருப்படியான வேலை. எனக்குப் பின் அந்தப் பெஞ்சில் யாராவது உட்கார்ந்தார்களா, தெரியவில்லை.