தார் பூசிய மூங்கில்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுதாக நின்றதில்லை. முசிறியில் நெல் மண்டியில் மூட்டை தைத்தேன். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன். லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போய்வந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பந்தல்காரரிடம் மட்டும் நாலு வருஷம் தங்கிவிட்டேன். பிடித்துப்போய்த் தங்கினேன் என்று சொல்ல முடியாது. அந்த வேலையில் தினமும் வேறு தெரு, வேறு வீடு. ஓடிப்போகத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

பந்தல் வேலையில் கட்டுவதைவிடப் பிரிப்பதுதான் முக்கியம். ஆணி அடிக்கக் கூடாது. மூங்கிலை அறுக்கக் கூடாது. நீளம் அதிகமானால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். கயிற்று முடிச்சு ஒரு முனையை இழுத்தால் அவிழ வேண்டும். காலையில் கல்யாணம் நடந்த வாசலில் சாயங்காலம் நாலைந்து குழிகள்தான் மிச்சமிருக்கும். அதே மூங்கில் மறுநாள் இன்னொரு வாசலில் நிற்கும்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்த மூங்கில் கல்யாண வீட்டுக்குப் போகாது. அதைத் தனியாக அடுக்கி வைப்போம். கலந்துவிடாமல் இருக்க, அடியிலிருந்து ஒரு சாண் மேலே தாரால் ஒரு வளையம் போட்டு வைப்பார் முதலாளி. அந்த வட்டாரத்தில் பந்தல் வேலை பார்த்த எவருக்கும் மூங்கிலில் தாரைக் கண்டால் சாவு வீடுதான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் திருச்சியில் ரயில் பாதையோரமாக இருந்த குடிசைகள் எரிந்துபோயின. குடிசைக்காரர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பரீட்சை வருகிறது, காலி செய்யுங்கள் என்று பள்ளிக்கூடத்தார் சொன்னபோது, கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார் முதலாளியைத் தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். உதவிக் கமிட்டி ஒன்றை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. அதில் ஒரு வீடு வரைந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் மூங்கிலும் கீத்தும் குடுக்கிறோம். கட்டிக்கிறாங்க. அடுத்த இடத்துல தீப்பிடிச்சா மறுபடி முதல்லேர்ந்து தேட வேண்டியிருக்கு" என்றார். "உங்க பந்தல் மாதிரி ஒரு வீடு வேணும். ரெண்டு ஆள் அரை நாள்ல நிறுத்தணும், அரை நாள்ல பிரிக்கணும். லாரியில ஏத்தி எங்க வேணா கொண்டு போகணும்."

முதலாளி காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "வீடுங்கிறது ஒரு எடத்துல இருக்கிறதுங்க ஸார். கெளம்பிப் போறதுக்குப் பேரு பஸ்ஸு."

ஆனாலும் புது மூங்கில் கொடுத்தார். என்னையும் கொடுத்தார். அவர் தன் மகள் பிரசவத்துக்காக உப்பிலியபுரம் போய்விட்டார். வாத்தியாரும் நானும் பத்து நாள் அந்த வீட்டோடு மல்லுக்கட்டினோம்.

அவர் வரைந்தது நிற்காது. நான் கட்டியது பிரிக்கக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு முறை கண்டுபிடித்தோம். மூங்கிலை ஓர் ஆசாரியிடம் கொடுத்து அளவாக அறுத்து வாங்கினோம். கால்கள் எல்லாம் ஐந்து முழம், அதில் ஒரு முழம் மண்ணுக்குள். குறுக்கு மூங்கில் எல்லாம் ஒரே நீளம். கூரைக்கும் சுவருக்கும் கீற்றைத் தனித்தனித் தட்டிகளாகத் தைத்துக்கொண்டோம். எந்தக் காலை எந்த வீட்டுக்கு நட்டாலும் சரியாக வரும். எந்தத் தட்டியை எங்கே கட்டினாலும் பொருந்தும். வாத்தியாருக்கு அதில்தான் பெருமை. ஒரு வீட்டில் ஒன்று உடைந்தால் இன்னொரு வீட்டு உதிரியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கரையான்தான் பயம். பந்தல் மூன்று நாளில் பிரிந்துவிடும். இந்த வீடு மூன்று மாதம் நிற்க வேண்டும். ரோடு போடுகிற இடத்தில் மீந்த தாரை வாங்கிவந்து, டிரம்மில் காய்ச்சி, ஒவ்வொரு காலின் அடியையும் ஒரு முழத்துக்கு முக்கி எடுத்தேன். அது என் யோசனை. சாவு மூங்கிலில் இருப்பது மெல்லிய வளையம், இது முழு முழம், அதுவும் மண்ணுக்குள் போய்விடும் என்று நினைத்தேன். முதலாளி இருந்திருந்தால் டிரம்மை உதைத்துத் தள்ளியிருப்பார்.

அந்தப் பங்குனியில் ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் முன்பே வீடுகளை நிறுத்திவிட்டோம். வந்தவர்களும் பல ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், எங்கள் தார் வழக்கம் தெரியாதவர்கள். சித்திரை வெயிலில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. மற்றபடி அங்கே இருந்தார்கள், சண்டை போட்டார்கள், ஆடியில் சொந்தக் குடிசைகளுக்குப் போனார்கள். பிரித்தபோது ஒரு காலில்கூடக் கரையான் ஏறியிருக்கவில்லை. வாத்தியார் அந்தக் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு பழைய கிடங்கில் அடுக்கி வைத்தோம்.

ஐப்பசியில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. வடகரையில் படுகையை ஒட்டியிருந்த ஒரு சிற்றூரில் மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. அங்கேயும் ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது; அவர்கள் கரைமேல் வந்து சாக்கையும் பாயையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கீழே வாழைத் தோட்டம் முழுக்கக் கழுத்தளவு தண்ணீர். மூங்கில் ஏற்றிய லாரியோடு நானும் வாத்தியாரும் போய் இறங்கினோம்.

நாலு கால்களைத்தான் இறக்கியிருப்பேன். ஒருவன் ஓடிவந்து லாரியின் பின்பலகையைப் பிடித்தான்.

"அண்ணே, நிறுத்துங்க. எறக்காதீங்க."

"ஏன்?"

"தார் இருக்கு."

"கரையானுக்கு வெச்சது" என்றேன்.

"கரையானுக்கா? நாலு மார்கழி ஸ்ரீரங்கத்துல பந்தல் வேல பாத்திருக்கேன். தார் எதுக்குன்னு என்கிட்டயே கத விடுறீங்களா?"

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஒரு கிழவர் ஒரு காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் ஒருநாள் மூங்கில் வேணும்தான். அதுக்குள்ள என்னய்யா அவசரம்?" சிலர் சிரித்தார்கள். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. தார் என்றால் என்ன, கரையான் ஏன் அதை அண்டாது என்று மழையில் நின்று விளக்கினார். மண்ணுக்குள் போய்விட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது என்றார்.

"நாங்கதான் பாத்துட்டோமே ஸார்" என்றான் அவன். "ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இதுல பந்தல் போடுவீங்களா?"

போடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். யோசித்தார். அந்த யோசனையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அவன் மனைவிக்கு நிறைமாதம். இரண்டு சாக்குகளுக்குக் கீழே ஓர் உரலில் உட்கார்ந்திருந்தாள். தரை ஈரம் என்பதால் உரலைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எல்லோருடைய கவலையும். அவள் உள்ளே போனால் மற்றவர்களும் போவார்கள். அவள் போகாவிட்டால் லாரி திரும்பிப்போக வேண்டியதுதான். புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நெசத்தச் சொல்லுங்க" என்று கேட்டாள். "இது நின்ன எடத்துல யாராச்சும் செத்தாங்களா?"

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் பல இடங்களில் பொய் சொல்லியிருக்கிறேன். வேலைக்காகச் சொல்லியிருக்கிறேன், சாப்பாட்டுக்காகச் சொல்லியிருக்கிறேன். அன்று அசதியாக இருந்தது. மூன்று நாளாக லாரி ஏற்றிய அசதி. பொய் சொன்னால் அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டும்.

"ஒரு கொழந்த செத்துது" என்றேன். "வயித்துப்போக்கு."

"எந்த வீட்டுல? அந்த மூங்கில மட்டும் தள்ளி வைக்கலாமா?"

"தெரியாதும்மா. எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். பிரிச்சப்போ கலந்துபோச்சு."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் துடைத்து என்ன பயன்? உதிரிகள் எங்கே வேண்டுமானாலும் பொருந்தும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை இப்போது எல்லா வீட்டிலும் செத்திருந்தது.

அவள் சாக்கை விலக்கி லாரியைப் பார்த்தாள். பிறகு, "இப்ப தண்ணியில போன எங்க வீட்டுல எம் மாமியா செத்தாங்க, மாமனாரு செத்தாரு" என்றாள். "சாவு இல்லாத வீட்டுக்கு நான் எங்க போவேன்? அதில்லண்ணே. தார் போட்டு ஒதுக்கி வெச்சத எங்களுக்குன்னு ஏத்தி அனுப்பியிருக்கீங்களேன்னுதான் வயிறு எரிஞ்சுது."

"ஒதுக்கி வெச்சது இல்ல. சத்தியமா நான்தான் முக்குனேன். புது மூங்கில்ல முக்குனேன்."

"அப்ப நீங்களே எடுங்க."

மண்ணெண்ணெயும் சாக்கும் வைத்து ஒரு காலைத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு கையில் வந்தது, மூங்கிலைவிட்டுப் போகவில்லை. "திருப்பி நட்டுப்புடுங்க, தார் மேல வரட்டும். தெனம் பாத்துக் கும்புட்டுக்கிறோம்" என்றார் கிழவர். அவள் புருஷன் எங்கோ போய், ஓர் ஆசாரி வீட்டிலிருந்து ரம்பம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தான்.

வாத்தியார் குனிந்து என் காதருகில் சொன்னார்: "அறுத்தா ஒரு முழம் போயிடும். மறுபடி ஒரு முழம் நட்டா, செவுரு மூணு முழம்தான். நிமிர்ந்து நிக்க முடியாதுப்பா."

"ஆமா ஸார்."

"தார் இல்லாம நட்டா கரையான் வரும். இன்னொரு தடவைக்கு இது உதவாது."

"ஆமா ஸார்."

"ஆறு மாசம் யோசிச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் அறுக்க ஆரம்பித்தேன். பந்தலுக்கு வந்த முதல் நாளிலிருந்து மூங்கிலில் ரம்பம் வைத்ததில்லை. முதல் கால் அடியில் பிளந்துவிட்டது. அவள் புருஷன் வந்து மறுமுனையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். ஆறாவது காலுக்குப் பிறகு ரம்பத்தை அவன் வாங்கிக்கொண்டான், நான் மிதித்துக்கொண்டேன். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் குழி போட்டார். அவருக்குக் குழி போடத் தெரியவில்லை. யாரும் கேலி செய்யவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முதல் வீடு நின்றது. பார்க்க ஆட்டுக்கொட்டகை மாதிரி இருந்தது. அவள் எழுந்து வந்து நாலு கால்களையும் சுற்றிப் பார்த்தாள். வாசல் தெற்கே வேண்டாம், கிழக்கே வைத்துக் கொடுங்கள் என்றாள். அதில் மட்டும் சிரமம் இல்லை. இரண்டு முடிச்சை இழுத்துத் தட்டியை மாற்றிக் கட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையை நன்றாகக் குனிந்து உள்ளே போனாள். உள்ளே அவள் நிமிர முடியவில்லை. உட்கார்ந்துகொண்டாள்.

"ஒழுகுதா?" என்று கேட்டான் அவள் புருஷன்.

"இல்ல. அந்தப் பாயக் குடு."

மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு எந்த இடம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாத்தியார் லாரியில் மீதியிருந்த கால்களைப் பார்த்தார், அறுத்துப் போட்டிருந்த துண்டுகளைப் பார்த்தார். "அடுத்த வருஷம் வேற ஏதாவது யோசிக்கணும்" என்றார். அடுத்த வருஷம் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எல்லா வீடுகளையும் நிறுத்த நாலு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னார்கள். வாத்தியார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் அப்போது கரையின் மறுகோடியில் குழி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முழம் தோண்டும் முன்பே தண்ணீர் ஊறியது. காலை நட்டால் சாய்ந்தது. நாலு பேராகப் பிடித்துக்கொண்டு கல்லும் செங்கலும் போட்டு இறுக்கினோம்.