ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஹூட்டரும்

எங்கள் கொத்தனாருக்கு பேஸ்மென்ட் என்றால் பேஸ்மட்டம்தான். அஸ்திவாரத்துக்கு மேலே எழுப்பி மண் கொட்டி நிரப்புகிற சமாச்சாரம். அதற்குள் ஆள் இறங்கி உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறோம் என்று என் கணவர் சொன்னதும், கொத்தனார் என் பக்கம் திரும்பினார். "என்னாம்மா, சாரு தமாஷ் பண்றாரா?" என்று கேட்டார். தமாஷாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, ரிட்டயர்மென்ட் நெருங்குகிறதே என்று வெளியே மனை வாங்கினோம். மனை சாலையைவிட ஓர் ஆள் உயரம் பள்ளம். எல்லோரும் மண் அடித்துத் தூர்ப்பார்கள். இவருக்கு மட்டும் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் ஹோம் தியேட்டர் தெரிந்தது. பாதி அறையில் தியேட்டர், மீதி அறையில் கேரம் போர்டும் டேபிள் டென்னிஸ் மேசையும். மகள் சென்னையிலிருந்து லீவுக்கு வந்தால் ஆடுவாளாம். அவள் வந்தால் தூங்குவாள் என்பது இவருக்குத் தெரியாதா என்ன.

எனக்குப் பள்ளம் என்றாலே பயம். சுரங்கக்காரர் பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை மேட்டிலிருந்து அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தை எட்டிப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் மண்ணுக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ராப்பகலாக மோட்டார் போட்டு இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட மண்ணில் போய்ப் பள்ளத்துக்குள் சோபா போடுகிறேன் என்றால்?

எவ்வளவோ சண்டை போட்டேன். எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மேல வெச்சா சத்தம் சத்தம்னு அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க. கீழ போட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பதுதான் ஒரே பதில். அது நியாயம்தான். குவார்ட்டர்ஸில் எங்கள் டிவி சத்தத்துக்காகப் பக்கத்து வீட்டம்மா இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறார். நானே எத்தனையோ தடவை ரிமோட்டைப் பிடுங்கிக் குறைத்திருக்கிறேன்.

அறை எழும்பியது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி ஒட்டினார்கள், தரைக்குக் கம்பளம், நாலு விரல் தடிமனுக்குக் கனமான கதவு. வேலை முடிந்த அன்று நான் உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தேன். சாலையில் போன லாரிச் சத்தமும் குக்கர் விசிலும் ஒரேயடியாக நின்றுபோயின. என் மூச்சு எனக்கே கேட்டது. இங்கே விழுந்து கிடந்து கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று தோன்றியது. ஓடி வந்து கதவைத் திறந்துகொண்டேன்.

ஸ்பீக்கர் மாட்ட மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு பாய் வந்தார். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் கம்பளத்தின் மேல் பெட்டி மாதிரி ஒன்று. அது சத்தத்தைவிட அதிர்வைத்தான் கொடுக்குமாம். இவருக்கு அன்று வார லீவு. நடுச் சோபாவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் காபி டம்ளர்களோடு கடைசிப் படியில் நின்றேன்.

"சார், ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் சர்ருனு ஒரு சத்தம் தனித்தனியா வரும். எங்க வருதுன்னு கைய காட்டுங்க, போதும்" என்றார் பாய்.

சர்ரென்றது. இவர் இடப்பக்கம் காட்டினார். சரி. அடுத்து நடு. அதுவும் சரி. வலது, பின்னால் வலது, பின்னால் இடது, எல்லாம் சரி. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்போது பாய்க்கு போன் வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே ரிமோட்டை அமுக்கினார். பின்னால் வலது மூலையில், என் தலைக்குப் பக்கத்திலேயே சத்தம் வந்தது. இவர் கை நேராக முன்னால் நீண்டது. பாய் நிமிர்ந்து, குழம்பிப்போய், சத்தத்தை நிறுத்தினார். இவர் கை நீட்டியபடியே இருந்தது. "வருது பாய், நல்லா வருது" என்றார்.

அறையில் சத்தமே இல்லை.

இதுவரை அவர் சத்தத்தைக் கேட்டுக் கை காட்டவில்லை. பாய் எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாரோ அதைக் காட்டியிருக்கிறார்.

நான் பேசினால் என் முகத்தையே பார்ப்பார் இவர். கண்ணை எடுக்க மாட்டார். "இந்த வயசுலயும் பொண்டாட்டி மூஞ்சியவே பாத்துகினு இருக்கான் பாரு" என்று நாத்தனார் கேலி செய்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். எல்லாம் அந்தப் படியில் நின்றபோது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

பாய் கிளம்பும்போது வாசலில் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஸ்பீக்கர்ல குறை ஒண்ணும் இல்ல. சாரு காத ஒருக்கா காட்டிடுங்க."

இவர் வேலை பார்ப்பது சுரங்கத்தில், பெல்ட் செக்ஷனில். கிலோமீட்டர் கணக்கில் மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட். அது நின்றிருக்கும்போது சிந்திய சேற்றை வாரக் கான்ட்ராக்ட் ஆட்கள் அடியில் இறங்குவார்கள். மறுபடி ஓடுவதற்கு முன் எச்சரிக்கைச் சங்காக ஹூட்டர் அடிக்கும். அடித்ததும் எல்லோரையும் விலக்கிவிட வேண்டியது இவர் பொறுப்பு. ஹூட்டர் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தைரியமில்லை.

மறுநாள் முதல் ஷிப்ட். விடியற்காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தேன். போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன், தண்ணி பாட்டில் எடுத்தீங்களா என்றுதான் கேட்டேன். பைக் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதன் பிறகு அந்த எட்டு மணி நேரத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். சிலிண்டர்காரன் போன் செய்தபோதுகூட சுரங்கத்திலிருந்துதானோ என்று ஓடினேன். அரிசி களைந்தேனா என்று மறந்துபோய் இரண்டாவது முறை களைந்தேன். சொல்லாமல் அனுப்பிவிட்ட பாவி நான்தானே என்று ஓயாமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குள் வந்துவிட்டார். சாப்பிட்டதும் கீழே கூட்டிப் போனேன். திரையைப் பார்த்து உட்காரச் சொன்னேன். "சத்தம் வந்தா கை தூக்குங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்றேன். பாய் காட்டிக்கொடுத்த பட்டனை அமுக்கினேன். இடது. கை அசையவில்லை. நடு. வலது. சத்தத்தைக் கூட்டினேன், எனக்கே காது கூசியது. அப்போதும் அவர் கை மடியிலேயே கிடந்தது. கடைசியாக மூலையிலிருந்த பெட்டி. கம்பளம் அதிர்ந்தது. கை மேலே போனது.

நான் அழ ஆரம்பித்தேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. எதிரே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

"எத்தினி நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷமா கொறஞ்சிகினே வருது. கம்பெனி மெடிக்கல் செக்கப் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிபோச்சி, அப்ப நல்லாத்தான் இருந்துது."

"ஹூட்டர்?"

கம்பளத்தைக் காலால் தேய்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். எதிரே நிற்கிற பழைய ஆளின் முகத்தைப் பார்த்துக்கொள்வாராம். அவன் நிமிர்ந்தால் ஹூட்டர் அடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே இவர் சத்தம் போட்டுவிடுவார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

"போன வாரம் அவன் லீவு. புதுசா ஒருத்தன் கீழ மண்ணு வாரிகினு இருந்தான். பக்கத்து பெல்ட் ஓடுற இரைச்சல்ல அவனுக்கும் சரியா கேக்கல போல. தலைய தூக்கி என்னெப் பாத்தான். நான் அவன் மூஞ்சியப் பாக்குறன், அவன் என் மூஞ்சியப் பாத்துகினு நிக்கிறான்." அவர் பாதத்தைக் கம்பளத்தில் ஊன்றிக் காட்டினார். "காலுக்கடியில இரும்புத் தகடு அதிர்ற மாதிரி இருந்துது, பெல்ட் கெளம்பிடிச்சின்னு தெரிஞ்சிது. நிறுத்துற கயித்தப் புடிச்சி இழுத்துட்டன். பெல்ட் நின்னுப்போச்சி. அவனுக்கு ஒண்ணும் இல்ல. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

"அப்புறமும் போனீங்களே? இன்னிக்கும் போனீங்களே?"

"செவிடன்னு ஒரு மூலையில குந்த வெச்சிடுவாங்க. இருவத்தெட்டு வருஷம் நின்ன எடம். பயமா இருக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். "எனக்குப் பயமா இல்லையா? அந்தப் புள்ளைக்கும் வூட்ல ஒருத்தி சோறு வடிச்சி வெச்சிகினு காத்திருப்பா இல்ல?" என்று கத்தினேன். அந்தக் கனத்த கதவுக்குப் பின்னால் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். ஊரில் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. அல்லது என் முகத்தில் படித்துக்கொண்டார்.

அப்போதே போனில் மெசேஜ் அனுப்பி மறுநாள் ஷிப்டுக்கு வேறு ஆள் போடச் சொன்னார். காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவரே வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். இப்போது மேலே ஆபீஸில் ரெஜிஸ்டர் பார்க்கிறார். இரண்டு காதிலும் மிஷின். கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் முறைப்பாக இருந்தார், பிறகு கேரம் ஆடக் கூப்பிட ஆரம்பித்தார்.

கீழ் அறைக்கு நான் இப்போது தினமும் போகிறேன். மழைக் காலத்தில் மூலையெல்லாம் தொட்டுப் பார்ப்பேன், அந்தப் பயம் என்னைவிட்டுப் போகாது. ஆனால் தினமும் அறைக்குள் இறங்குவதற்கு முன் கடைசிப் படியில் நின்றுவிடுவேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னங்க" என்பேன், வேண்டுமென்றே மெதுவாக. அடுத்த நொடி வரைக்கும் என் மூச்சு நின்றிருக்கும்.

"கேக்குது, சொல்லு" என்பார், திரும்பிப் பார்க்காமல்.