சாக்கு போல அடுக்கிய பவளங்கள்

உயிருள்ள பவளங்களை மிளகு மூட்டை மாதிரி நெருக்கி அடுக்கிய மடையன் கொச்சியிலேயே ஒருவன்தான் இருப்பான். அது நான்தான்.

மட்டாஞ்சேரியில் எனக்கு மிளகு, ஏலம், கிராம்பு வியாபாரம். கடையில் சாக்குகளை வாய் திறந்து, ஒன்றோடொன்று ஒட்டித்தான் வைப்போம். நடுவில் ஒரு சாண் காலியாகத் தெரிந்தால் போதும், "என்ன, கச்சவடம் மோசமா?" என்று, வியாபாரமே படுத்துவிட்டது போல, எதிர்க்கடைக்காரர் சாயா கிளாஸோடு துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்.

அதே பழக்கத்தோடு வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளை விற்ற இடப்பள்ளிக் கடைக்காரர் அப்போதே எச்சரித்தார். "இக்கா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கேப் விடணும் கேட்டோ. பக்கத்துல வந்தா ஒண்ணை ஒண்ணு குத்தும்."

பெரிய தொட்டி ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, காளான் போலிருந்ததை, நட்சத்திரம் போலிருந்ததை எல்லாம் நிறம் பார்த்து இடைவெளியே இல்லாமல் அடுக்கினேன். நடுவில் என் செல்லம், டார்ச் பவளம். நுனியில் மஞ்சள் பொட்டு வைத்த நீண்ட விரல்கள், நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்திலேயே, மரியாதைக்காக, என் மனைவியின் பட்டன் பவளம். கல்லில் பச்சைப் பொத்தான்களைத் தைத்தது போலிருக்கும். அந்தத் தொட்டியில் அவள் தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான்.

"இது மட்டும் செத்துச்சுன்னா தொட்டி குடோனுக்குப் போயிரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சில நாட்களில் பொத்தான்கள் மூடிக்கொண்டன. "புது வீடுல்ல, வெக்கப்படுது" என்றேன். திறக்கவே இல்லை. "நோம்பு பிடிக்குதோ என்னவோ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க வாங்க. உங்க செல்லப்பிள்ளை என்ன செய்யுதுன்னு பாருங்க."

டார்ச்சின் விரலொன்று நீண்டு வந்து, அவள் பொத்தான்களைத் தடவிவிட்டுப் போனது.

"பாசம்" என்றேன்.

"பாசமா? தொட்ட எடமெல்லாம் வெந்து கெடக்கு!"

இடப்பள்ளிக்கு போன் போட்டேன். "ஞான் அன்னைக்கே பறஞ்சில்லே இக்கா?" என்றார் கடைக்காரர்.

மூலையிலிருந்த காளான் பவளங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். காலியான கோடி மூலைக்கு டார்ச்சை நாடு கடத்தினேன். நடுவில் வெறும் மணல். ஹர்த்தால் நாள் பஜார் மாதிரி ஆகிவிட்டது தொட்டி. கடைக்குக் கிளம்பும்முன் தினமும் அந்தப் பொத்தான்களுக்கு ஸலாம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டுத்தான் போவேன்.

ஒரு காலையில் ஓரத்துப் பொத்தான் ஒன்று விரிந்தது. அடுத்த வாரம் ஒரு வரிசையே விரிந்தது. என் மனைவி சாயாவை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொட்டி தப்பியது. எனக்கோ தைரியம் வந்துவிட்டது.

"நடுவுல எடம் சும்மாத்தானே கெடக்கு... சின்னதா ஒண்ணே ஒண்ணு வாங்கி வெக்கட்டா?"

"வெச்சுப் பாருங்க. குடோன்லயும் எடம் சும்மாத்தான் கெடக்கு."