மாமாவின் லேப்டாப் வராத மாலை

பாரிவாக்கத்தில் எங்கள் தெரு ஆடித் திருவிழாவுக்கு எல்.இ.டி. போர்டு வைத்துப் பெயர் வாங்கியது யாரால் என்று இன்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். இளைஞர் மன்றத்து அண்ணன்கள் தங்களால் என்பார்கள். சித்தப்பா தன்னால் என்பார். உண்மையில் அது என்னால்தான். அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் அன்றும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையிலிருந்து மன்றத்தார் சல்லிசாக வாங்கிவந்த போர்டு அது. கோயிலுக்கு எதிர்வீடு எங்களுடையது என்பதால் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் கட்டினார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் சோப்புடப்பா அளவுள்ள ஒரு கம்ப்யூட்டரில் முடிந்தது. அந்த டப்பாதான் போர்டுக்கு மூளை. அன்றன்றைக்குக் கூழ் ஊற்றுபவரின் பெயர் மாலையானால் சிவப்பு எழுத்தில் ஓட வேண்டும். போன வருஷம் பக்கத்துத் தெருக்காரர்கள் சீரியல் லைட்டிலேயே அம்மனை நிறுத்தி எங்கள் மானத்தை வாங்கியிருந்தார்கள். இந்த வருஷமும் தோற்றால் தெருவில் யாரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று மன்றத் தலைவர் கோயில் வாசலிலேயே பேசிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு, சிப் வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, அயனம்பாக்கத்தில் ஏரியோரத்து ஃப்ளாட் ஒன்றில் நண்பர்களோடு தங்கியிருந்தார். இருவருக்கும் ஆகாது. அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல. அம்மாவும் அப்பாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அப்போது இரண்டு வீட்டாரும் போட்டுக்கொண்ட சண்டையில் பாதி இன்னும் தீராமல் கிடந்தது. அந்த மிச்சத்தைச் சித்தப்பாவும் மாமாவும் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள். ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தாலும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"உங்க மாமன், இன்னாத்துக்கு அந்த ஒயரப் புடுங்குறான்னு கேளு."

"ஒங்க சித்தப்பாட்ட சொல்லுட்டி, அது வேற ஒயருன்னு."

நான் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அம்மா ஊர்ப் பேச்சும் அப்பா ஊர்ப் பேச்சும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

போர்டை ஓடவிடுவதிலும் இருவருக்கும் இரண்டு பாஷை இருந்தது. கறுப்புத் திரையில் நாம் தட்டுவதைக் கேட்டு வேலையை முடித்துக் கொடுக்கிற ஆள் ஒருவர் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார், அவர் பெயர் ஷெல் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். ஊருக்கு ஊர் அந்த ஆள் மாறுவார். சித்தப்பாவின் கம்பெனியில் ஒரு ரகம், மாமாவின் லேப்டாப்பில் இன்னொரு ரகம். போர்டில் ஓட வேண்டிய வாசகத்தை 'வரி' என்ற பெயரில் ஷெல்லிடம் சொல்லிவைத்துவிட்டு, போர்டு புரோகிராமைக் கிளப்ப வேண்டும். 'வரி'யில் என்ன இருக்கிறதோ அதைப் புரோகிராம் மேலே ஓடவிடும். அந்தச் சொல்லிவைக்கும் விதத்தில்தான் தகராறு. சித்தப்பா 'செட்என்வி' என்று ஆரம்பிப்பார். மாமா 'டிக்ளேர்' என்று ஆரம்பித்து, ஒரு சின்னக் கோடும் எக்ஸும் போடுவார். சோப்புடப்பாவோ இரண்டுமே தனக்குத் தெரியாது என்று கையை விரித்தது.

காப்புக் கட்டிய அன்றே மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது ரொம்பப் பழசுக்கா. இதுக்கு ஒண்ணும் வெளங்காது. நானே தெனமும் வந்து என் லேப்டாப்ல இருந்து ஓட்டிவிட்டுட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்குத்தான் என் மேல் எவ்வளவு பாசம், நம் தெரு மேல் எவ்வளவு பற்று என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

சொன்னபடியே தினமும் ஆபீஸ் முடிந்து பைக்கில் வந்து இறங்குவார். ஒயரை லேப்டாப்பில் மாட்டினால் ஒரு நொடியில் போர்டு எரிந்துவிடும். அதன் பிறகும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். அப்பாவின் தங்கையான என் அத்தை டீ கொண்டுவருவாள். சர்க்கரை போதுமா என்று கேட்பாள். போதும் என்று சொல்லாமல், நேற்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மாமா விளக்குவார். ஒரு டம்ளர் டீயின் சர்க்கரையைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தை பி.சி.ஏ. முடித்தவள். நீயாவது இந்த டப்பாவைச் சரிசெய்யேன் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். "எனுக்கு இன்னாடி தெரியும்? படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, கட்டி முடித்த பூச்சரத்தையே மறுபடி எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

அம்மன் வீதிவலம் வரும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் பார்த்து மாமாவை ஆபீசில் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஏதோ அவசரமாம், ராத்திரிக்கு முன்னால் விட மாட்டார்களாம். போனில் கேட்டுவிட்டு அம்மா முகம் வாடி நின்றாள். சித்தப்பாவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "உங்க மாமன் வராட்டி இன்னா? நான் எரியவைக்கிறேன் பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, டப்பாவை எங்கள் டி.வி.யில் மாட்டி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செட்என்வி என்று அடித்தார். அப்படி ஒன்று இல்லை என்றது டப்பா. பெரிய எழுத்தில் அடித்தார், சின்ன எழுத்தில் அடித்தார், அழுத்தி அடித்தார். கடைசியில் ரோஷத்தை விட்டு, மாமா முன்பு டப்பாவில் எழுதிவைத்திருந்ததையே ஓட்டிப் பார்த்தார். டிக்ளேரும் இல்லை என்றது. தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மன்றத் தலைவர் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"இன்னாப்பா, எரியுமா எரியாதா? சாமி கெளம்பிடுச்சு."

"எங்க ஆபீஸ்ல இத்தினி கம்ப்யூட்டர் கீது. எல்லாம் இதத்தான் கேக்குது. இந்த டப்பாவுக்கு இன்னா கேடு வந்துச்சுன்னு தெர்லயே" என்றார் சித்தப்பா. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. போர்டு இருட்டாக இருந்தால் நாளைக்கு அவர் எப்படித் தெருவில் நடப்பார்?

அம்மாவின் போனை எடுத்து, டப்பா சொன்ன குறையை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடினேன். எனக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் இதே குறையோடு வந்திருந்தார். இன்னொருவர் அவரைத் திட்டிக்கொண்டே பதில் சொல்லியிருந்தார். டிக்ளேர் என்பது சில ஷெல்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட சொல். பொது விதியில் அது கிடையாது. சின்னக் கம்ப்யூட்டர்களில் இருக்கிற ஷெல்லுக்குப் பொது விதி மட்டும்தான் தெரியும். இதுதான் பதிலின் சாரம். எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் நான் திருநெல்வேலியும் பேசுவதில்லை, பாரிவாக்கமும் பேசுவதில்லை. எல்லோருக்கும் புரிகிற மாதிரிப் பேசுவேன்.

"சித்தப்பா, நீயும் ஊட்டுப் பேச்சு பேசுற, மாமாவும் ஊட்டுப் பேச்சு பேசுறாரு. இது ஸ்கூல்ல பேசுற மாதிரி பேசுனாத்தான் கேக்கும். தள்ளு."

அவர் தள்ளி உட்கார்ந்ததுதான் அந்த நாளின் முதல் அதிசயம். நான் 'வரி' என்று அடித்து, சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் அம்மனுக்கு வரவேற்பு எழுதினேன். டப்பா மூச்சுவிடவில்லை. குறையே சொல்லவில்லை! புரோகிராமைக் கிளப்பினேன். மாடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஒண்ணும் வர்லியே!"

பம்பை இன்னும் நெருங்கியிருந்தது. மறுபடி போனைப் பார்த்தேன். பதிலின் அடியில் இன்னொரு வார்த்தை இருந்தது. ஷெல்லிடம் சொன்னது ஷெல்லோடு நின்றுவிடுமாம், அது கிளப்பிவிடும் புரோகிராமுக்குப் போய்ச் சேராதாம். சேர வேண்டுமானால் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டுமாம். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். வாங்க வேண்டிய சாமானை அம்மா மனதிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கடைக்கு அனுப்பினால் நான் வெறுங்கையோடுதான் திரும்புவேன். 'எக்ஸ்போர்ட் வரி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி புரோகிராமைக் கிளப்பினேன்.

அடுத்த கணம் தெருவே கத்தியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எங்கள் மாடியில் சிவப்பெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம், தெருவில் வந்துகொண்டிருந்த சாமியின் பூ அலங்காரத்தில் விழுந்தது. பக்கத்துத் தெருப் பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஆடினார். மன்றத் தலைவர் எனக்கு மாலை போட்டார், அதுவும் சாமிக்குப் போட்ட மாலை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை இத்தனை வருஷத்தில் எந்தச் சம்பளமும் தந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமாவின் பைக் வந்தது. ஆபீசில் எதையோ சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தவர் போர்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து, முதல் முறையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"மச்சான், பாத்தியா! நம்ம பொண்ணு பண்ட்டா. இனிமே நீ அவ்ளோ தூரத்துலேந்து வர்ற வேலையே இல்ல."

மாமா சிரித்தார். வயிற்றுவலிக்காரர் சிரிப்பது போலிருந்தது. நான் தோளிலிருந்து குனிந்து, அவர் ஊர்ப் பேச்சிலேயே பெருமையாகச் சொன்னேன். "மாமா, டிக்ளேர்லாம் வேண்டாம் கேட்டியளா, எக்ஸ்போர்ட்டே போதும். எதுலயும் ஓடும்."

"தெரியும்ட்டி" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

தோற்றவர் வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன். அத்தையைத் தேடினேன். தெருவில் கை தட்டாமல் நின்றது அவள் ஒருத்திதான். கையில் டீ டம்ளர் இருந்தது. "ஒன்ன யாருடி கேட்டா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொறாமை என்று முடிவுகட்டினேன்.

இப்போது நானும் இதே கறுப்புத் திரையில்தான் பிழைப்பு நடத்துகிறேன். மாமாவின் லேப்டாப் எக்ஸ்போர்ட்டைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் கைக்கு முதலில் வருகிற சொல்லும் அதுதான். அதை விட்டுவிட்டு, அந்த டப்பாவுக்கு மட்டும் புரியாத சொல்லாகத் தேடிப்பிடித்துப் போட வேண்டுமானால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மாமா நன்றாகவே மெனக்கெட்டிருக்கிறார்.

அந்த வாரம் வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒருநாள் சித்தப்பாவின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. ஆடி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா லேப்டாப் இல்லாமல் வந்தார். திருநெல்வேலியிலிருந்து ஆச்சியையும் தாத்தாவையும் அழைத்துவந்திருந்தார். சித்தப்பாவே வாசலுக்குப் போய், "வா மச்சான்" என்று கூட்டிவந்தார். ஆச்சியின் கையில் பெரிய தாம்பாளம். அதில் ஆப்பிள், மல்லிகைப்பூ, வெற்றிலைபாக்கு, கோபுரமாக அடுக்கிய லட்டு. போர்டை எரியவிட்டவளைப் பாராட்ட அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்களே என்று, புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தட்டு என்னைத் தாண்டிப் போனது. பட்டுப்புடவையில் தலைகுனிந்து வந்த அத்தைக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். லட்டை எடுக்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்து நின்று, போர்டு எரிவதற்கு அத்தை அப்படி என்னதான் செய்தாள் என்று சபையில் கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல், அன்று முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை.