முதல் வரிசை சோபா

ஓபராவில் பாடியேதான் கதை சொல்வார்கள். அன்று மேடையில் பாடகர் ஒருவர்கூட இல்லை. எல்லாவற்றையும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். ஒரு பாட்டில் கதாநாயகி பாட வேண்டியது முழுவதும் செலோவுக்கு, உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் அந்தப் பெரிய வயலினுக்கு. செலோ வாசித்தது என் மகள். மூன்று நிமிடம்தான். அதற்காகக் கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் சாதகம் செய்தாள். மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

"அப்பா, முன்னாடியே உக்காருங்க. நெர்வஸ் ஆச்சுன்னா உங்க மூஞ்சியப் பாத்துப்பேன், அச்சா?" என்றாள்.

உட்கார்ந்தேன், இரண்டாவது வரிசையில். முதல் வரிசை முழுக்க வெள்ளை உறை போட்ட சோபாக்கள். நடுச் சோபா தலைமை விருந்தினருக்கு. அவர் எங்கள் இலாகாவின் செயலாளர். அரங்கு காலியாகத் தெரியக்கூடாதென்று எங்கள் ஆபீசையே திரட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அவரைத்தான் காணோம். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர், குத்துவிளக்கு ஏற்றாமலே கச்சேரியைத் தொடங்கிவிட்டார். அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்.

மகள் வாசிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கக் கதவு படாரென்று திறந்தது. டார்ச் வெளிச்சம், வாக்கி-டாக்கி இரைச்சல், பின்னால் எங்கள் செயலாளர். நேரத்துக்கு வரத் துப்பில்லாதவருக்கு எதற்கு நடுச் சோபா? பாட்டு முடியும்வரை வெளியே நின்றால் குறைந்தா போய்விடுவார்? கதவைத் திறந்துவிட்டவனையும், பூங்கொத்தோடு ஓடியவனையும் அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? எழுந்து நின்றேன். எங்கள் வரிசை மொத்தமும் எழுந்தது. முப்பது வருட சர்க்கார் உத்தியோகம். என்னைக் கேட்காமலே முழங்கால் நிமிர்ந்துவிட்டது. மேடைக்கு முதுகைக் காட்டி, கதவுப் பக்கம் திரும்பி, கைகூப்பிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் செலோவில் ஒரு சுரம் பிசகியது. எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போதாவது திரும்பினேனா? "பைட்டியே, பைட்டியே" என்று அவர் கையசைத்து உட்காரச் சொல்லும்வரை காத்திருந்தேன்.

உட்கார்ந்தபோது மகள் வில்லை இறக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு பாட்டு கழித்து செயலாளர் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுபடியும் என் வரிசை எழுந்தது. இந்த முறை நான் முன்னாலிருந்த சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

வீடு திரும்பும்போது டாக்ஸியில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. செலோப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அடுத்த வாட்டி பால்கனில உக்காருங்கப்பா. அங்க உங்க சார் யாரும் வரமாட்டாங்க."