படகில் எழுந்து நின்றேன்

புகாருக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அரசுப் பணியில் இருந்தபோது நானே அதைப் பலமுறை மீறியிருக்கிறேன்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மனைவியுடன் படகுச் சவாரி போனேன். படம் எடுக்க எழுந்து நின்றதும், “யோவ் பெருசு, குந்துய்யா!” என்று கரையிலிருந்து கத்தினார் படகுத்துறை ஊழியர் செல்வி. மரியாதைக் குறைவு என்று இரண்டு பக்கம் புகார் எழுதினேன்.

அடுத்த மாதம் போனால் செல்வி இல்லை.

“உங்க லெட்டராலதான் சார் வேலைய வுட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க,” என்றார் டிக்கெட் கொடுப்பவர். “படகு சாஞ்சிச்சே, உங்க வூட்டம்மாவுக்கு நீச்சல் தெரியுமா? பின்ன இன்னா, பன்னீர் தெளிச்சா கூப்டுவாங்க?”

அவளுக்கு நீச்சல் தெரியாது.

புகாரைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. அதனால் என் நடத்தையைப் பற்றி நானே ஒரு புகார் அனுப்பிவிட்டு, தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன்.

“ஊழியர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். தாங்கள் இனி அமர்ந்தே பயணிக்கவும்.”

இரண்டு முறை படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்று ஆடி பதினெட்டு, தண்ணீரைக் கும்பிடும் நாள்.